மாமனார் வாங்கித் தந்த முத்திரை

நோட்டரி ஆவது எப்படி என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: யார் தயவிலும் ஆகித் தொலைக்காதீர்கள்.

கோர்ட்டில் வருஷக்கணக்காகக் கால்கடுக்க நின்றிருக்க வேண்டும். நான் நின்றிருந்தேன். இவள் யோக்கியமானவள் என்று பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு என் மாமனார்தான் வீடுவீடாக ஏறி இறங்கினார். ஆட்சேபணை உண்டா என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அவரை மீறி யார் வாயைத் திறப்பார்கள்? நேர்காணலும் முடிந்து முத்திரை வந்தது. வீட்டின் முன்னறையையே எனக்கு ஆபீஸாக்கிக் கொடுத்தார். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஒரே வாசல்.

மறுநாளே ஒரு பத்திரத்தை நீட்டினார். வீட்டில் தனக்குள்ள பங்கை அண்ணனுக்கு, அதாவது என் கணவருக்கு, விட்டுக்கொடுப்பதாக என் நாத்தனார் பெயரில் கையெழுத்து இருந்தது. என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இது அவளுடையதே இல்லை.

"குத்தும்மா," என்றார்.

"ஆள் என் முன்னாடி வரணும், மாமா."

"அவ என்ன அசலாளா? நம்ம வீட்டுப் பொண்ணுதானே!"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா உனக்காக எவ்வளவு அலைஞ்சாரு..." என்று இழுத்தார். வந்ததே எனக்குக் கோபம்! அங்கேயே நாத்தனாருக்கு போன் போட்டேன். வந்து பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவாள், நாமும் தப்பித்தோம் என்று கணக்குப் போட்டேன்.

மாலையில் வந்தாள். பத்திரத்தைப் படித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இது உன் கையெழுத்தா?" என்றேன்.

"ஆமா, அண்ணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நோட்டரி ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். "இங்கயும் ஒண்ணு போடு."

பத்திரத்தில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து, வளைவுக்கு வளைவு, எழுத்துப் பழகும் குழந்தை மாதிரி அப்படியே வரைந்தாள். குனிந்து என் காதருகே சொன்னாள்: "அப்பாவ ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் எந்த வீட்டுக்கு வர்றது, அண்ணி?"

அடிப்பாவி! வழிவிடத்தானே உன்னைக் கூப்பிட்டேன், இப்படி அடைத்துவிட்டாயே என்று வயிறு எரிந்தது.

"அதான் வந்து சொல்லிட்டால்ல," என்றார் மாமனார். "குத்து."

முத்திரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அவ பார்த்து எழுதினதை நானும் பார்த்தேன், மாமா. குத்த மாட்டேன்."

"நன்றி கெட்டவளே! யாரால வந்த முத்திரைடி அது?"

"உங்களாலதான்."

அவர் வாசல் கதவைச் சாத்தி, அதை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "குத்தாம இங்கேர்ந்து ஒருத்தரும் வெளிய போகப் போறதில்ல. நீ எங்க போயிடுவேன்னு பார்க்கறேன்."

எங்கே போவேன்? என் துணிமணியும் உள்ளேதான், என் பிழைப்பும் உள்ளேதான். கணவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் நாற்காலியை மேஜையைச் சுற்றி இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டாள்.

"அது என் கையெழுத்து இல்லப்பா," என்றாள்.