இரவல் புழு

மண்ணைக் காப்பவனே மனித குலத்தைக் காக்கிறான். அதற்காகத்தான் உரமூட்டையைத் தூக்கியெறிந்து இயற்கை விவசாயத்துக்கு மாறியதாக மூத்த சகலை கேட்டவரிடமெல்லாம் சொல்வார். கேட்காதவரையும் நிறுத்திவைத்துச் சொல்வார். உள்ளபடி, ஒரு மைல் தள்ளித் தோட்டம் வைத்திருக்கும் இளைய சகலையின் படம், இயற்கை விவசாயி என்று, விவசாயப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. மூத்தவரின் மனைவி அதைத் தங்கையிடம் வாங்கிவந்து அலமாரிக் கதவில் ஒட்டினாள். மறுவாரமே இவர் தொழுவுரம் இறக்கிவிட்டார்.

இளையவர் மாறிய காரணம் ரொம்பச் சாதாரணம். மருந்தடித்துவிட்டு வந்தால் இரண்டு நாள் கண் எரியும், சாப்பாடு இறங்காது; விட்டுவிட்டார். இவ்வளவு சப்பையான காரணத்துக்கு அரைப் பக்கமா என்று மூத்தவருக்கு வயிறு எரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருடம் மருந்தில்லாமல் ஓட்டினார். அதில் மட்டும் பொய்யே கிடையாது. சான்றிதழுக்காக ஆய்வாளர் வரவிருந்த வாரத்தில்தான் புதுக் கவலை பிடித்தது. இளையவரின் முட்டைக்கோஸ் இலையெல்லாம் சல்லடை. வருகிறவர்கள் ஓட்டைகளைத் தடவிப் பார்த்து, மருந்தே படாத இலை என்று உருகினார்கள். மூத்தவரின் இலைகளோ சலவைக்குப் போய் வந்தாற்போல் இருந்தன.

"புழுகூட அவன் வீட்டுக்குத்தான் விருந்துக்குப் போகுது," என்றார் மனைவியிடம்.

"நம்ம கோசுக்கு அது நல்லதுதானேங்க?"

"நீ எப்பவும் உன் தங்கச்சி வீட்டுக்காரர் பக்கம்தான் பேசுவ."

ஆய்வுக்கு முந்தின நாள், இளையவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவர் தோட்டத்தில் நுழைந்து எழுபது பச்சைப் புழுக்களைப் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டு இறுக மூடினார். வழியில் யாரோ விவசாயம் எப்படிப் போகிறது என்று கேட்டுத் தொலைக்க, மண்ணில் ஆரம்பித்து மனித குலத்தில் முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. டிபன் பாக்ஸ் ஸ்கூட்டரில், வெயிலில் இருந்தது. சாயங்காலம் இலைக்கு இரண்டாக வைத்தபோது புழுக்கள் அசையவில்லை. புது இடம், கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் ஆய்வாளர் அம்மா வந்தார். துணைக்கு இருக்கட்டும் என்று இளையவரும் வந்திருந்தார். அம்மா பென்சில் முனையால் ஒரு புழுவைப் புரட்டினார். அடுத்ததையும் புரட்டினார்.

"எல்லாம் செத்துக் கிடக்கு. என்ன மருந்து அடிச்சீங்க?"

ஒரு சொட்டுகூட அடிக்கவில்லை என்று மூத்தவர் மன்றாடினார். ஓட்டையில்லாத இலையும் செத்த புழுவும் வேறு எதைக் காட்டும் என்று கேட்டார் அம்மா. காரணம் சொல்லாவிட்டால் இப்போதே தள்ளுபடிதான்; இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

மனித குலம் உதவிக்கு வரவில்லை.

"சகலை தோட்டத்துலேர்ந்து எடுத்தேங்க," என்றார் மூத்தவர்.

"எதை?"

"புழுவை."

இளையவர் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூடை நிறையக் கொடுத்திருப்பேனே, சகல. ஆள் வெச்சுல்ல பொறுக்கிட்டிருக்கேன்," என்றார், உண்மையான வருத்தத்தோடு. அந்த வருத்தத்தைத்தான் மூத்தவரால் தாங்க முடியவில்லை.

மூடிய டிபன் பாக்ஸ் வெயிலில் இருந்த கதையையும் அம்மா கேட்டுக்கொண்ட பிறகு சான்றிதழ் கிடைத்தது. அதோடு வந்த ஆய்வுக் குறிப்பில், பூச்சித் தாக்குதல் என்ற கட்டத்தில், 'இல்லை. காணப்பட்டவை சகலையின் தோட்டத்தில் திருடியவை' என்று எழுதியிருந்தது. சாட்சிக் கையெழுத்து இளையவருடையது.