கதவு நிலையில் இரண்டு பூச்சு

மூன்று மணிக்குக் கோடை முகாம் பஸ் வந்துவிடும். அதற்குள் லினியாவின் அறையை முடித்தாக வேண்டும். காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போட்டேன், பிடிக்கவில்லை, மறுபடி சுவரோரம் இழுத்தேன். லெகோவுக்கு ஒரு டப்பா, பொம்மைக்கு ஒரு டப்பா என்று எல்லாவற்றிலும் பேர் ஒட்டினேன். ஒன்பது வயசுப் பெண். அவள் அப்பா கர்ட்டை நான் கட்டிக்கொண்டு ஐந்து மாசமாகிறது, இன்றுவரை என்னைப் பேர் சொல்லிக்கூட அவள் கூப்பிட்டதில்லை. இந்த அறையைப் பார்த்தாவது கூப்பிடுவாள் என்று ஒரு நப்பாசை.

கர்ட் எட்டிப் பார்த்தான். "அடேயப்பா, கடை மாதிரி இருக்கே" என்று ஆரம்பித்தவன், கதவு நிலையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"ஜோலின், இதுக்கு எப்ப பெயின்ட் அடிச்ச?"

"நேத்து. ஒரே பென்சில் கிறுக்கல். நல்லாத் தேய்ச்சுட்டு ரெண்டு பூச்சு அடிச்சேன்."

"கிறுக்கல் இல்ல. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கரின் அவளை நிக்கவெச்சு உயரத்துக்குக் கோடு போடுவா. ஆறு வயசு வரைக்கும் இருந்துச்சு."

கரின் லினியாவின் அம்மா. மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள்.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீ நிலையையும் விடமாட்டேன்னு நான் கனவா கண்டேன்?"

கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், வெறும் மரம்தான் வந்தது. குத்துமதிப்பாக நாமே கோடுகளைப் போட்டுவிடலாமா என்று பென்சிலைக்கூட எடுத்தேன்.

"அவளுக்குத் தெரிஞ்சிடும்" என்றான் கர்ட். பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

லினியா மூட்டையோடு வந்தாள். கட்டிலைப் பார்க்கவில்லை, டப்பாக்களைப் பார்க்கவில்லை. நேரே நிலையிடம்தான் போனாள்.

"நான்தான் அழிச்சேன்" என்றேன். "கிறுக்கல்னு நெனச்சுட்டேன். தப்புதான்."

அவள் அழவில்லை. நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். தாடையைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா கடைசியா போட்டது இங்க வரும். முகாமுக்குக் கிளம்புறப்போ பாத்தேன்." கையைத் தோளுக்கு இறக்கினாள். "இது அஞ்சு வயசு." இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள். "இது நாலு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பைக்குள் பென்சில் குத்திக்கொண்டே இருந்தது. "அந்த இடத்துலயே திரும்பக் கோடு போட்டுத் தரவா?" என்றேன்.

"வேணாம், ஜோலின்" என்றாள்.

முதல் தடவையாக என் பேரைச் சொன்னாள்.