வளைவின் பாரம்

லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் கூரையோரம் ஓடிய சிவப்புக் குழாயைப் பார்த்தபடி அபிநயா வாசலிலேயே நின்றுவிட்டாள். குழாய் திரும்பும் வளைவில், அதைத் தாங்கியிருந்த இரும்புப் பிடியின் போல்ட் கான்கிரீட்டிலிருந்து ஒரு விரல் அளவு வெளியே வந்திருந்தது. கீழே கிரிவலம் வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் இலையோரம் உதிர்ந்திருந்த சிமெண்ட் தூளை ஒதுக்கிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

செங்கம் சாலையில் இருந்த அந்த லாட்ஜுக்குத் தீயணைப்புக் குழாய் போட்டது அவளும் அவள் கணவன் வேணுவும்தான். எடைக் கணக்கு அவளுடையது, வேலை அவனுடையது. குழாயும் உள்ளே நிற்கும் தண்ணீரும் சேர்ந்த எடையை அந்தப் பிடி தாங்கும். ஆனால் மோட்டார் திடீரென்று ஓடினால் தண்ணீர் வந்து வளைவில் மோதும். நிற்கும் எடையைப் போல இரண்டு மடங்கு விசையில் பக்கவாட்டில் இழுக்கும். அதைத் தாங்கும் சாய்வுக் கம்பிகள் திங்கட்கிழமைதான் வரும். அதுவரை மோட்டாரைத் தொடவேண்டாம் என்று முதலாளி குமரேசனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

போனில் கூப்பிட்டாள். "அண்ணே, மோட்டார் ஓட்டுனீங்களா?"

"காலைல ஒருவாட்டி ஓட்டிப் பாத்தேம்மா. நல்லாத்தான் ஓடுது. ஆட்டோல வுட்டுட்டு ரூமப் பூட்டிட்டு கோயிலுக்கு வந்துட்டேன்."

"போல்ட்டு வெளிய வந்துடுச்சுண்ணே. இன்னொருவாட்டி ஓடுனா நிக்காது. கீழ ஜனங்க சாப்புட்றாங்க."

"பௌர்ணமிக் கூட்டத்துல நா எப்படிம்மா வர்றது? அதான் நிக்குதில்ல?"

ஆட்டோ என்றால், குழாயில் அழுத்தம் குறைந்ததும் மோட்டார் தானாக ஓடும். யாராவது எங்காவது ஒரு வால்வைத் திறந்தால் போதும். நிறுத்தும் சுவிட்ச் பூட்டிய அறைக்குள் இருந்தது.

வேணு ஒரு முட்டுக்கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் ஏறினான். "நா முட்டு குடுக்கறேன். நீ போய் பூட்ட ஒட, அபி."

"எல்லாரும் எழுந்துடுங்க. தயவுசெஞ்சு வெளிய போங்க," என்று அவள் கத்தினாள்.

"சாப்புட்ற எலையிலருந்து எழுப்பக்கூடாதும்மா," என்றார் ஒரு பெரியவர். யாரும் அசையவில்லை.

சுத்தியலோடு மோட்டார் அறைக்கு ஓடினாள். பூட்டு எகிறியதே தவிர உடையவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஒரு வேன் டிரைவர் சுவரில் இருந்த தீயணைப்பு ஹோஸை இழுத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மூடுங்க! அத மூடுங்க!"

தண்ணீர் வீணாவதற்குத் திட்டுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். "தோ, முடிஞ்சிடுச்சும்மா."

கதவுக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது. கூடத்திலிருந்து அலறல் கேட்டது. அவள் எதை அடிக்கிறோம் என்றே தெரியாமல் அடித்தாள். பூட்டு தெறித்து விழுந்தது. சுவிட்சைத் திருப்பிவிட்டு ஓடி வந்தாள்.

ஜனங்கள் எச்சில் கையோடு சுவரோரம் ஒண்டியிருந்தார்கள். பிடி கழன்று தரையில் கிடந்தது. குழாயின் வளைவு முட்டுக்கம்பியின் தலையில் சாய்ந்திருந்தது. வேணுவின் வலது கை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அவன் வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் குழாயைத் தூக்கப் பாய்ந்தாள்.

"தூக்காத. தூக்குனா மொத்தமும் வந்துடும். தண்ணிய எறக்கு."

முதலில் மேசை மேல் ஏறியது அந்தப் பெரியவர்தான். பிறகு இன்னும் சிலர் ஏறிக் குழாய்க்குத் தோள் கொடுத்தார்கள். மூலையில் இருந்த வடிகால் வால்வை அவள் முழுவதும் திறந்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. உள்ளே இன்னும் எவ்வளவு எடை இருக்கும் என்று கணக்குப்போடப் பார்த்தாள். ஒரு எண்கூட மனதில் நிற்கவில்லை.

"பாரம் கொறையுதாங்க?"

"தெரியல, அபி. கை இருக்கறதே தெரியல."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வால்வைப் பிடித்தபடியே இருந்தாள். தண்ணீர் இலைகளையும் சோற்றையும் அடித்துக்கொண்டு வாசற்படி தாண்டிச் சாலையில் இறங்கியது. மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி வந்த ஒரு பெண், வெயிலில் வெந்த காலை அதில் வைத்து, சற்று நின்றாள்.