உயிரோடிருப்பவனுக்கு எட்டாம் ஆண்டு நினைவஞ்சலி

கலேனொவோ நகரில் ஒருவர் இறந்தால் அவர் முகம் மின்கம்பம் ஏறும். கறுப்புக் கரையிட்ட தாள்; நடுவே புகைப்படம்; கீழே பிரிவைச் சொல்லும் நான்கு வரிகள். நாற்பதாம் நாளில் ஒரு தாள், ஆறாம் மாதத்தில் ஒரு தாள், அதன்பின் ஆண்டுக்கொரு தாள். மழை கிழித்தால் மறுபடி ஒட்டுவார்கள். சுரங்கத்தை ஆண்ட அதிகாரியின் முகமும் சுரங்கத்தில் கரி சுமந்தவனின் முகமும் ஒரே உயரத்தில், ஒரே பசையில் ஒட்டியிருக்கும். எத்தனையோ ஆட்சிகள் மேடைதோறும் முழங்கிய சமத்துவத்தை, அந்த ஊரில் சொன்னபடி நிறைவேற்றியது அந்தக் கம்பம் ஒன்றுதான்.

அந்த முகங்களுக்கிடையே ஒரு முகம் மட்டும் சாகாதவனின் முகம். திலியான் திரென்ஸ்கி. ருத்னிக் கால்பந்துச் சங்கத்தின் ஒன்பதாம் எண் சட்டைக்காரன். எட்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்டில், தலைநகரத்துப் பெரிய சங்கம் அழைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியவன். அவன் போன மறுநாளே விளையாட்டரங்கின் சுவரில் அவனுக்கு இரங்கல் தாள் ஒட்டியவன் ராங்கெல்.

ராங்கெலுக்குப் பிழைப்பு டயர் பழுது பார்ப்பது. வாழ்க்கை வடக்கு மேடையில் முரசு அடிப்பது. அரங்கின் வடக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தும் கூட்டத்துக்கு அந்த மேடையின் பெயரே பெயராயிற்று. அந்தக் கூட்டத்தின் நாடித்துடிப்பு ராங்கெலின் முரசு. அவன் எழுதிய முதல் தாள் இப்படி இருந்தது: “எங்கள் ஒன்பதாம் எண் எங்களை விட்டுப் பிரிந்தார். உடல் தலைநகர ரயிலில் எடுத்துச் செல்லப்பட்டது. மலர்வளையம் வேண்டாம், கோல் போட ஆள் அனுப்புங்கள். துயருறும் வடக்கு மேடை.”

ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. அடுத்த ஆண்டே ருத்னிக் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. சிரிப்பு நின்றது, தாள் நிற்கவில்லை. முறைப்படி ஆண்டுக்கொன்று வந்தது. ஆனால் வசை எழுத உட்கார்ந்த கை, ஆண்டு ஏற ஏற வேறு எதையோ எழுதத் தொடங்கியது. மூன்றாம் ஆண்டில், “அவரின்றி எங்கள் கார்னர்கள் அனாதைகள்” என்றது. ஐந்தாம் ஆண்டில், “கொட்டும் மழையில் சேற்றிலிருந்து எழுந்து தலையால் முட்டினாரே, அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்தவர் யார்?” என்று கேட்டது. அதைப் படித்து அரங்கின் சுவரோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு. இது பாசம் என்று யாராவது சொல்லியிருந்தால் ராங்கெல் கையிலிருந்த ஸ்பானரை எறிந்திருப்பான்.

இந்த ஆண்டு ருத்னிக் முதல் பிரிவுக்குத் திரும்பியது. தலைநகரம் சாறு பிழிந்து வெளியே விட்ட திலியான், கடற்கரை ஊர் ஒன்றின் சிறிய சங்கத்தில் சேர்ந்திருந்தான். அந்தச் சங்கம் சனிக்கிழமை கலேனொவோவுக்கு ஆட வருகிறது. எட்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவன் கால் இந்தப் புல்லை மிதிக்கப்போகிறது. ஆகவே வடக்கு மேடை, எட்டாம் ஆண்டுத் தாளைச் சுவரோடு நிறுத்தாமல் பஸ் நிலையம்வரை கொண்டு போய் ஒட்டியது.

புதன்கிழமை காலை. டயர்க் கடை வாசலில் வெலிகா வந்து நின்றாள். திலியானின் தாய். ஒரு காலத்தில் வடக்கு மேடையின் முதல் வரிசைக்காரி. மேடையின் பெரிய கொடியைத் தைத்தவள். நடுவரைத் திட்டுவதில் ஆண்கள் அவளிடம் பாடம் கேட்பார்கள். மகன் போன நாளிலிருந்து அரங்கின் பக்கமே வராதவள். கையில் ஒரு கிண்ணம். அவித்த கோதுமை, மேலே வெள்ளையாய்ச் சர்க்கரைத் தூள்.

இறந்தவர் பெயரால் கோதுமை நீட்டினால் முதலில் ஒரு கரண்டி வாயில் போட வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். யாருக்கு என்பதைப் பிறகுதான் கேட்க வேண்டும். ராங்கெல் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு முறைப்படியே செய்தான்.

“கடவுள் மன்னிக்கட்டும்,” என்றான். “யாருக்குக்கா?”

“என் மகனுக்கு.”

கோதுமை தொண்டையில் நின்றது.

“செத்துட்டானாம்டா ராங்கெலு. பஸ் நிலையத்துல படத்தோட ஒட்டியிருக்காம். என் பொறந்த ஊர்ப் பொம்பளைங்க ரெண்டு பேரு பாத்திருக்காங்க. கண்ணாடியப் போட்டுக் கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சாங்களா? இல்ல. கறுப்புக் கரையும் மூஞ்சியும் போதும்னு ஊருக்கு ஓடி, கோதுமை அவிச்சு, மெழுகுவத்தியோட வந்து என் வாசல்ல உக்காந்து ஒப்பாரி. நான் அப்பத்தான் அவன்கிட்ட போன் பேசிட்டு வெச்சேன். மொளகாயச் சுட்டு எப்படித் தோலுரிக்கிறதுன்னு கேட்டான்.”

“அக்கா, அது சும்மா வெளையாட்டுக்கு...”

“எட்டு வருஷமா வெளையாட்டு! சுவத்துல ஒட்டினீங்க, நான் அந்தத் தெருவ விட்டுச் சுத்தி நடந்தேன். இப்ப பஸ் நிலையம். அடுத்தது என் வீட்டுக் கதவா?” அவள் கிண்ணத்தை அவன் பக்கம் இன்னும் நெருக்கினாள். “இன்னொரு கரண்டி போடு. கடவுள் மன்னிக்கட்டும்னியே, அவரு மன்னிச்சுடுவாரு, அதுதான் அவரு வேலை. நீ மன்னிச்சியா?”

ராங்கெல் கரண்டியைக் கிண்ணத்துக் கோதுமையிலேயே குத்தி வைத்தான்.

“கேட்டுக்க. அவனுக்குக் கடலோரத்துல வீடு இருக்கு. அம்மா வந்துடு, வந்துடுன்னு வருஷாவருஷம் கூப்பிடுறான். இது என் ஊரு, வரமாட்டேன்னு சொல்லிட்டே இருக்கேன். சனிக்கிழமை என் பழைய எடத்துல வந்து உக்காரப்போறேன். நீங்க அவனுக்கு ஊளையிட்டா, ஆட்டம் முடிஞ்சதும் அவங்க பஸ்ஸுலயே ஏறிப் போயிடுறேன். பெட்டி கட்டியாச்சு.”

அவள் போய்விட்டாள். கிண்ணம் டயர்களின் மேல் இருந்தது. ராங்கெல் அன்று மூன்று டயர்களை மாட்டிய பிறகுதான், மூன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டியிருப்பதைக் கண்டான்.

வியாழக்கிழமை மாலை பீர்த் தோட்டத்தில் வடக்கு மேடை கூடியது. ஒலிபெருக்கி பிடித்துக் கோஷம் கொடுப்பவன் ஸ்பாஸ். இளரத்தம், இரும்புத் தொண்டை. அவன் திட்டத்தை விரித்தான்.

“அவன் மைதானத்துக்கு வந்ததும் எல்லாரும் முதுகக் காட்டுறோம். விசில் காதப் பிளக்கணும். ராங்கெலண்ணே, நீ சாவு மேளம் அடி. துரோகிக்கு அதான் மரியாதை.”

ராங்கெல் எழுந்தான். பேசத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவன் அவன். ஆனால் அவன் நெஞ்சில் நேற்றிலிருந்து ஒரு கரண்டிக் கோதுமை எரிந்துகொண்டிருந்தது.

“துரோகியா? ஸ்பாஸ், உங்க அண்ணன் எங்கடா?”

“ஜெர்மனில. லாரி ஓட்டுறான். அதுக்கென்ன?”

“அவன் படத்த எந்தக் கம்பத்துல ஒட்டின? என் மக மியூனிக்ல ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. அவளுக்குக் கறுப்புக் கரை போட்டேனா? இந்த மேசையில உக்காந்திருக்கிறவன்ல யார் வீட்டுல ஒருத்தர் போகல? கை தூக்குங்கடா பாப்போம்! சுரங்கத்த மூடினப்ப ஊர்ல பாதிப் பேரு போனோம். கூலி கொடுக்கிற எடத்துக்குப் போனோம். கையால உழைக்கிறவன் போனா பொழைக்கப் போறான். காலால உழைக்கிறவன் போனா மட்டும் துரோகியா? அவன் என்ன, நம்ம கோல் கம்பத்துல கட்டிப்போட்ட கழுதையா?”

யாரும் கை தூக்கவில்லை. ஸ்பாஸ் பீர்க் குவளையைச் சுழற்றினான்.

“நியாயம்தான்ணே. ஆனா எங்க அண்ணன் எதிர்ச் சட்டை போட்டுக்கிட்டு நமக்கு எதிரா லாரி ஓட்டலயே.”

சிரிப்பு வெடித்தது. வாதம் செத்தது. நல்ல வாதங்கள் பலவும் உலகில் இப்படித்தான் சாகின்றன: மறுப்பால் வீழ்வதில்லை, ஒரு நகைப்பால் வீழ்கின்றன. நெடுநேர இழுபறிக்குப் பின் நடுவில் ஒரு கோடு போட்டார்கள். விசில் இல்லை, சாவு மேளம் இல்லை. கைதட்டலும் இல்லை. அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் வடக்கு மேடை மௌனம் காக்கும். முரசும் அப்படியே. ராங்கெல் கை குலுக்கி ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை வெயில் தகித்தது. வெலிகா வந்தாள். முதல் வரிசையில் அவளுடைய பழைய இடம் காலியாகவே இருந்தது. எட்டு ஆண்டுகளாக யாரும் அதில் உட்காரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. காலடியில் ஒரு பழுப்புப் பெட்டி. மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம், பிரிக்கப்படவில்லை.

திலியான் நீலச் சட்டையில் வந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. வடக்கு மேடையைப் பார்த்தான். கையை உயர்த்த நினைத்தவன் பாதியில் இறக்கிக்கொண்டான். மேடை மூச்சுவிடவில்லை. அப்போதுதான் ராங்கெலுக்கு ஓர் உண்மை உறைத்தது: வசை ஒரு மனிதனிடம் பேசுகிறது, மௌனம் அவனை இல்லை என்கிறது. எட்டு ஆண்டுத் தாள்கள் செய்யாத கொலையை இந்த மௌனம் செய்துகொண்டிருந்தது. வெலிகா திரும்பி முரசைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்தினான். அவள் பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

முதல் பாதி கோலின்றி முடிந்தது. இரண்டாம் பாதியும் முடியும் நேரத்தில், பெனால்டி கட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம், கடற்கரைக்காரன் ஒருவனை ருத்னிக் ஆட்டக்காரன் தடுக்கி விழவைத்தான். நடுவர் ஊதினார். ஃப்ரீ கிக். திலியான் பந்தை எடுத்து வைத்தான்.

அந்த இடம்! ஊரே அறிந்த இடம். எத்தனை ஞாயிறுகளில் அங்கிருந்து பந்து வளைந்து பறந்திருக்கிறது! திலியான் வலது பூட்ஸை இடது காலுறையில் துடைத்தான், பழைய பழக்கம். மூன்றடி பின்னால் நடந்தான், பழைய நடை. வடக்கு மேடையில் யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. தீர்மானம் கேட்க நேரமுமில்லை.

தும். தும். தும்.

ராங்கெலின் கைகள். அவன் அல்ல, அவன் கைகள். திலியான் பந்தை வைக்கும்போதெல்லாம் அடித்த அடி, எட்டு ஆண்டுகளாக உறங்கிய அடி, கேட்காமலே எழுந்து வந்தது. அந்த மூன்று அடிக்கு அந்த மேடையிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஆயிரம் தொண்டைகள், மூளைக்குச் சேதி போகுமுன், ஒன்றாய்ப் பிளந்தன:

“திலியான்!”

பந்து, மறித்து நின்ற ஆட்களின் சுவரைத் தாண்டி வளைந்து மேல் மூலையில் புகுந்தது. வடக்கு மேடை துள்ளியது. தெரியாதவனைத் தெரியாதவன் கட்டிக்கொண்டான். யாரோ தொப்பியை எறிந்தான். ஸ்பாஸ் ஒலிபெருக்கியில் “கோல்!” என்று அலறினான். பிறகு, வெந்நீரில் இறங்கியவர்கள் போல் ஒவ்வொருவராக உணர்ந்தார்கள். கோல் வாங்கியது நாம்.

அரங்கம் உறைந்தது. திலியான் ஓடவில்லை, குதிக்கவில்லை. தவறு செய்த பிள்ளையைப் போல் இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு வடக்கு மேடையைப் பார்த்தபடி நின்றான். அந்த உறைவில் ஒரு சிரிப்பு கேட்டது. வெலிகா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, பெட்டியை உதைத்துக்கொண்டு சிரித்தாள். அது முதல் வரிசையைப் பிடித்தது, இரண்டாவதைப் பிடித்தது, மேடை முழுக்கப் பற்றியது.

“யோவ் அண்ணே, என்னய்யா பண்ணித் தொலைச்ச!” ஸ்பாஸ் ராங்கெலின் சட்டையைப் பிடித்தான்.

“நீ மட்டும்? கோல்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினியே?”

“என் வாய் கத்துச்சு. நான் கத்தல.”

“அதேதான்டா என் கையும்.”

ஸ்பாஸ் சட்டையை விட்டான். புல்வெளியில் தலையில் கைவைத்து நிற்கும் வழுக்கைக்காரனைச் சற்று நேரம் பார்த்தான். “வளைவு அப்படியே இருக்குதுண்ணே,” என்றான், குரல் இறங்கி. “பாவி, அப்படியே இருக்குது.” பிறகு ஒலிபெருக்கியை உயர்த்தி முரசுக்குச் சைகை காட்டினான். இம்முறை அறிந்தே அடித்தான் ராங்கெல். அறிந்தே கத்தியது மேடை. தலையிலிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான் திலியான்.

ருத்னிக் தோற்றது; வென்றிருந்தால் கிடைத்திருக்கும் மூன்று பாயிண்டும் போயிற்று. கடற்கரைக்காரர்களின் பஸ் கிளம்பும்போது வெலிகா வாயிலில் நின்று மகனுக்குக் கையசைத்தாள். பெட்டி ராங்கெலின் கையில் இருந்தது.

“போகலயாக்கா?”

அந்த ஊர் வழக்கப்படி, இல்லை என்று தலையை மேல்நோக்கி வெட்டினாள். “அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கே. அந்த நடுவரை யாரு திட்டுறது, நீயா? பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு நட. இன்னொண்ணு. வருஷாவருஷம் அந்தப் பழைய படத்தையே போடுற. இப்ப அவனுக்கு முடி இல்ல. புதுசு தரேன்.”

ஞாயிறு காலை பஸ் நிலையத்தில் ராங்கெல் பசை தடவ, ஸ்பாஸ் தாளை நீவி ஒட்டினான். கிராமத்துப் பஸ்ஸிலிருந்து இரு கிழவிகள் இறங்கினார்கள். படத்தைக் கண்டதும் ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். மற்றவள் இம்முறை கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டி, உரக்கப் படித்தாள்:

“எட்டு ஆண்டுகளாக எங்களால் இறந்தவராகக் கருதப்பட்ட திலியான் திரென்ஸ்கி, சனிக்கிழமை எங்கள் கண்முன், எங்கள் வலையிலேயே உயிர்த்தெழுந்தார். அவர் தாய் வெலிகாவிடம் மன்னிப்புக் கோருகிறோம். துயருறும், தோற்ற, மகிழ்ந்த வடக்கு மேடை.”

“அப்ப வெலிகா சொன்னது நெசந்தானா? பையன் சாகலையா?”

“இல்ல பாட்டி. நமக்கே கோல் போட்டுட்டான்,” என்றான் ஸ்பாஸ்.

“அப்ப நாங்க அவிச்ச கோதுமை? வீட்டுல இன்னும் அரைப்பானை மிச்சமிருக்கே!”

ராங்கெல் பசை வாளியைக் கீழே வைத்தான். “கொண்டாங்க பாட்டி, நாங்க சாப்பிடுறோம். செத்தது எங்க மூணு பாயிண்ட்.”