வாணியின் முன்னால் வைத்த தாள்கள்

என் மனிசன் குலசிங்கத்துக்கு அழிந்துபோன நாகரிகங்கள் என்றால் உயிர். ரொறன்ரோவில், ரெக்ஸ்டேல் அப்பார்ட்மென்டில் எங்கள் லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதைவிட, சுமேரியாவில் எந்தக் காலத்திலோ ஒரு களிமண் பலகை உடைந்ததுதான் அவருக்குப் பெரிய கவலை. லைப்ரரியில் இருந்து புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்து வாசிப்பார். வாசித்ததை என் காதில் கொட்டுவார். நான் கறி தாளித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதியோர் சங்கம் வாணி விழாவில் பழங்கால எழுத்தர்களைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டதும் மனிசன் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பூரித்துப் போனார். ஆனால் அவருடைய வலது கை இப்போது நடுங்குகிறது. பேனை பிடித்தால் தாள் கிழியும். தாள் இல்லாமல் மேடை ஏறவும் பயம்; பாதியில் சொல் நின்றுவிடுகிறது. "இதுதான் மலர் என்ரை கடைசி மேடை. வடிவாச் செய்துபோட்டு இறங்கவேணும்" என்றார். ஜெயமலர் என்ற என் பெயர் அவர் வாயில் எப்போதும் மலர்தான். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது என்று முடிவாயிற்று.

எழுதினேன் என்பதைவிடச் சண்டை பிடித்தேன் என்று சொல்லலாம். முதல் தாளில் பிள்ளையார் சுழி போட்ட உடனேயே தொடங்கிவிட்டார்.

"இதென்னப்பா, சுமேரியருக்கும் பிள்ளையார் சுழியே?"

"எழுதிறது நான். எனக்குச் சுழி வேணும்."

சிரித்தார். "அவையளும் உம்மை மாதிரித்தான். எழுத்துக்கு நிசபா எண்டு ஒரு அம்மன் இருந்தவ. கதையை எழுதி முடிச்சு, கடைசியிலை 'நிசபாவுக்குப் போற்றி' எண்டு போடுவினம்."

"கடைசியிலையோ? எல்லாம் முடிஞ்சாப் பிறகு கும்பிட்டு என்ன பிரயோசனம்?"

"அது கேக்கிற கும்பிடு இல்லை மலர். நன்றி சொல்லுற கும்பிடு."

பிறகு பாபிலோன் எழுத்தர்களுக்குப் போனார். பலகையின் அடியில் 'இது இன்னாரின் கை' என்று எழுதியவனின் பெயரைப் போடும் வழக்கம் இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அரசன் பெயர் அழிந்தாலும் எழுதியவன் பெயர் மண்ணில் இருக்கிறதே என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என் விரல் விறைக்க எழுதிக்கொண்டு இருக்கிறேன். செத்துப்போன பாபிலோன்காரனுக்குக் கண்ணீர் விடுகிறவருக்கு எதிரில் இருக்கிறவளின் கை தெரியவில்லை. வாயைத் திறக்காமல் எழுதி முடித்தேன்.

வியாழன் பின்னேரம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கும்போது அந்தத் தாள்களையும் வைத்துப் பொட்டு வைத்தேன். வாணிக்கு முன்னால் வைத்ததை விஜயதசமி பூசை முடியும்வரை தொடக்கூடாது. அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். கடைக் கலண்டரில் விஜயதசமி சனி என்று இருந்தது. ரொறன்ரோவில் சாமிகளுக்கும் சனி ஞாயிறுதான் வசதி என்பதால் சங்க விழாவும் சனி பின்னேரம். காலையில் எடுத்துக் கொடுத்தால் சரி என்று நினைத்தேன்.

சனி காலை என் தங்கை யோகமலர் ஃபோன் எடுத்தாள். "அக்கா, அந்தக் கலண்டர் திருக்கணிதம். நாங்கள் வாக்கிய பஞ்சாங்கம் எல்லே. எங்களுக்கு நாளைக்குத்தான் விஜயதசமி."

ஃபோனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். விசயத்தைக் கேட்டதும் அவர் உடுத்த வேட்டியோடு கட்டிலில் இருந்துவிட்டார்.

"ஒரு நாளைக்குத் திருக்கணிதத்துக்கு மாறினால் என்ன?" என்றார் மெதுவாக.

"பஞ்சாங்கம் மாத்திறது உடுப்பு மாத்திற மாதிரியே?" என்று கத்தினேன். கத்தின கையோடு அழுகையும் வந்துவிட்டது.

"புத்தகத்தை வைச்சது சரி. என்ரை தாளை ஏனப்பா அங்கை வைச்சனீர்?"

"உங்கட கை சுகமாக வேணும் எண்டுதான். வேற என்னத்துக்கு?"

அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் வழக்கமாவது மண்ணாவது என்று படத்தடிக்குப் போய்க் கையை நீட்டினேன். பின்னால் வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம், விடும். எனக்காக வைச்சது. அது அங்கையே கிடக்கட்டும்."

"அப்ப பேச்சு?"

"எழுதினனீர் நீர்தானே. நான் நிண்டால் எடுத்துக் குடும்."

மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தேன். அவர் தாள் இல்லாமல் மேடை ஏறினார். சுமேரியப் பள்ளிக்கூடத்தில் எழுத்து வடிவில்லை என்று பெடியளுக்கு அடி விழுந்த கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். அடுத்ததாக எகிப்துக்கு வந்தவர் நின்றுவிட்டார். கை மேசையில் படபடத்தது. யாரோ இருமினார்கள்.

"நாரைத் தலையோடை ஒரு கடவுள்" என்றேன், இருந்த இடத்திலேயே.

"ஓம், நாரைத் தலையோடை ஒரு கடவுள், அவர்தான் அவையின்ரை எழுத்தர்" என்று பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் முறை நான் எடுத்துக் கொடுத்ததும் சபை கொல்லென்று சிரித்தது. சங்கச் செயலாளர் யூஜினி ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, "அன்ரி, அங்கை இருந்து கத்தாமல் இஞ்சை வந்திருங்கோ" என்றாள். வெட்கத்தோடு ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு அவர் பயப்படவில்லை. கடைசிச் சொல்வரை வந்து, நிசபாவுக்குப் போற்றி சொல்லி முடித்தார். கைதட்டல் ஓயவே இல்லை. எனக்கு அந்த மனிசனில் எவ்வளவு ஆசை என்பது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் எனக்கே முழுக்கத் தெரிந்தது.

ஞாயிறு காலை பூசை முடித்துத் தாள்களை எடுத்துக் கொடுத்தேன்.

"விஜயதசமி எல்லே, ஏடு தொடக்கிற நாள். பேனையைத் தாரும்" என்றார்.

கடைசித் தாளை எடுத்து மேசையில் விரித்தார். பேனை தாளில் தட்டித் தட்டி நடுங்கியது. பிடிக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் மூச்சு வாங்கினார். தேத்தண்ணி ஆறிப்போனது. போற்றிக்குக் கீழே, சின்னப் பிள்ளையின் எழுத்து மாதிரிக் கோணிக் கோணி, அவர் எழுதி முடித்ததைப் பார்த்தேன்.

'இது ஜெயமலரின் கை.'