ஏழு மணித் தண்ணீர்

விழுப்புரம் செங்கதிர் டிவியின் ஏழு மணிச் செய்தி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே பதிவாகி முடிந்துவிடும். இதில் யாருக்கும் வெட்கமில்லை. செய்தி வாசிக்கும் அன்புச்செல்விக்குத் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், முதலாளி ஜெகதீசனுக்குச் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். சாயங்காலத் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் கையில் இருக்கும்போது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று யார் அழுதார்கள்? ரிப்பன் வெட்டுகிறவர், பொன்னாடை வாங்குகிறவர் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கிறார்கள். கடைசியில் 'பொதுமக்கள் மகிழ்ச்சி அடைந்தனர்' என்று ஒரு வரி சேர்த்தால் செய்தி தயார். பொதுமக்களை யாரும் கேட்டதில்லை. அவர்களும் இல்லையென்று சொன்னதில்லை.

ஐந்து வருஷமாக இதுதான் அன்புச்செல்வியின் உத்தியோகம். ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த பட்டுப்புடவை இடுப்பு வரைக்கும், அதற்குக் கீழே பழைய சுடிதார் பேண்ட். மேஜைக்குக் கீழே கேமரா போகாது. ஆனால் அவள் அம்மா சவுரியம்மாளுக்கு அந்த இடுப்பு வரைக்குமே போதும். மல்லாட்டைக் கடலை பிடுங்கும் கழனியில் நின்று, "எம்பொண்ணு டிவியில சொல்லிச்சின்னா அது சத்தியம். பொய்யின்னா அதுக்கு நாக்கு வராது" என்று சொல்லிக்கொண்டு திரிவாள். தெருவும் நம்பியது. ஏழு மணியானால் அவள் வீட்டு வாசலில்தான் கூட்டம்.

பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் இருக்கும் அந்தத் தெருவில் குழாய் கிடையாது. பெண்கள் ஒரு மைல் நடந்து, யாரோ ஒருவருடைய மோட்டார் கொட்டகையில், அந்த மனுஷர் மனசு இரங்கும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். அங்கே ஒருவழியாகத் தண்ணீர்த் தொட்டி கட்டினார் பஞ்சாயத்துத் தலைவர் திருமுருகன். ஜெகதீசனுக்கு மச்சான் முறை.

திறப்பு விழா அன்று மத்தியானம் அன்புச்செல்வி சந்தோஷமாக வாசித்தாள். எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல், "பெண்கள் குடம் குடமாகப் பிடித்துச் சென்றனர்" என்று சொந்தமாகவும் ஒரு வரி சேர்த்தாள். ஐந்து வருஷத்தில் அவளாகச் சேர்த்த ஒரே வரி அது.

திண்டிவனத்தில் கடைவேலைகளை முடித்துக்கொண்டு ஆறு மணிக்கு அவள் தெருவுக்குள் நுழைந்தபோது குடங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் காலி. ரிப்பன் வெட்டி, குழாயைத் திறந்து, கைதட்டலும் முடிந்த பிறகு 'புஸ்' என்று காற்று வந்ததாம். "மோட்டார் வரணும்மா, அது வேற டெண்டரு" என்று சொல்லிவிட்டுத் திருமுருகன் பொன்னாடையோடு கார் ஏறிவிட்டார்.

அன்புச்செல்வி உடனே இனியவனுக்குப் போன் போட்டாள். செங்கதிர் டிவியின் கேமரா, லைட், எடிட்டிங் எல்லாமே அந்த ஐம்பது வயது மனுஷர்தான்.

"அண்ணே, அந்தத் தொட்டி நியூஸ எடுத்துடுங்கண்ணே."

"ஓனரு பூட்டிக்கினு போய்ட்டாரும்மா. டைமர்ல போட்டாச்சி. தானா ஓடும்."

ஏழு மணிக்குத் தானாக ஓடியது. தெருவே உட்கார்ந்திருக்க, நடுவில் அன்புச்செல்வியும் உட்கார்ந்து தன்னையே பார்த்தாள். பட்டுப்புடவைக்காரி பல் தெரியச் சிரித்து, குடம் குடமாகப் பிடித்த கதையைச் சொன்னாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

சவுரியம்மாள் உள்ளே போய், பச்சைப் பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து மகள் மடியில் வைத்தாள்.

"உன் டிவியில தான் தண்ணி வருதாமே. நாளைக்கு அங்க போய் புடிச்சிக்கினு வா."

மறுநாள் அன்புச்செல்வி குடத்தோடு பஸ் ஏறினாள். ரோஷம் வந்தால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது. செய்தி மேஜைமேல் குடத்தைப் பார்த்த ஜெகதீசன் முகம் மலர்ந்தது. "எந்தக் கடை விளம்பரம்? பேரு தெரியற மாதிரி திருப்பி வை" என்று சொல்லி, பூட்டும் வேலையை இனியவனிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

பதிவு முடிந்தும் அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறேமுக்காலுக்கு இனியவனிடம், "நேரடியா வாசிக்கணும்ண்ணே" என்றாள்.

"லைவா? இந்த பில்டிங்குல அந்தப் பழக்கமே இல்லியே!" அவர் குடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் சுகர் மாத்திரை வாங்கப் போறேன். அந்தச் செவப்பு பட்டன அமுக்கினா லைவ் போவும். அத நான் உனக்குச் சொல்லல."

ஏழு மணிக்குப் பட்டனை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நேற்று எங்கள் தெருவில் தண்ணீர் வந்ததாக வாசித்தேன். வரவில்லை. அந்தத் தொட்டிக்கு மோட்டாரே இல்லை. நான் போய்ப் பார்க்காமல் வாசித்தேன். இது எங்கள் அம்மாவின் குடம்." குடத்தைக் கேமராவுக்கு நேராகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

இரண்டாவது செய்திக்குப் போவதற்குள் ஜெகதீசனின் போன் வந்தது. அவர் சொன்னதில் அச்சில் ஏற்றக்கூடியது, "நாளையிலேர்ந்து வராத" என்பது மட்டும்தான். புடவையை மடித்து வைத்துவிட்டு, சுடிதாரோடு, குடத்தோடு கிளம்பினாள்.

வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் தெருவே உட்கார்ந்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. யாரோ அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அன்புச்செல்வி குடத்தோடு உட்கார்ந்தாள்.

சவுரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தை வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏண்டி, அவ்ளோ தூரம் போய்ட்டு வெறுங்குடமாவா தூக்கிக்கினு வந்த? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல குழாய் இருக்குதில்ல?"