உதைக்கூலி

பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பருவம் தொடங்கும்போது தங்கள் கால்பந்து அணி சுலபமான வெற்றியோடு கணக்கைத் திறக்க வேண்டும் என்று, எங்கேயாவது ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தைப் பணம் கொடுத்து வரவழைப்பார்கள். வந்த அணி நாலு கோல் வாங்கிக் கட்டிக்கொள்ளும். மைதானம் நிரம்பி வழியும். பழைய மாணவர்கள் மனம் குளிர்ந்து நன்கொடை எழுதுவார்கள். தோற்றவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, பேசிய தொகையைக் கையில் கொடுத்து, பேருந்து ஏற்றி அனுப்பிவைப்பார்கள். அலுவலகத் தாள்களில் இதற்கு 'வருகைத் தொகை' என்று கௌரவமான பெயர். மாணவர்கள் வைத்த பெயர் உதைக்கூலி.

அப்படி உதை வாங்கப் போகும் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில், விளையாட்டுத் துறையின் வரவுசெலவு முழுவதும் அவள் பொறுப்பில் இருந்தது. எல்லோருக்கும் அவள் கணக்கு மேடம். அவளுடைய அறைக்கு ஒரு பக்கம் உடற்பயிற்சிக் கூடம், மறுபக்கம் துணி துவைக்கும் இயந்திரங்கள். நாள் முழுக்க எடைகள் தரையில் விழும் சத்தமும் ஈரக் காலுறைகளின் வாடையும் அவளைச் சூழ்ந்திருக்கும். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எந்த அணியை எங்கே அனுப்பலாம், எந்த அணியின் காலணி இன்னும் ஒரு பருவம் தாங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கால்பந்துக்காரர்கள் போய் உதை வாங்கி வந்தால்தான் நீச்சல், மல்யுத்தம், மேசைப்பந்து, பெண்கள் ஓட்டம் எல்லாம் நடக்கும். வேறு வழியில் வரும் பணம் மின்சாரக் கட்டணத்துக்கே போதாது.

அந்த வாரம் நீச்சல் அணித் தலைவி தலையைக்கூடத் துவட்டாமல் உள்ளே வந்தாள்.

“மேடம், இந்த வருஷம் குளத்துல வெந்நீர் உண்டுல்ல? போன வருஷம் மாதிரி நடுவுல நிறுத்திட மாட்டீங்களே? பல்லு தந்தியடிச்சுது எங்களுக்கு.”

“உண்டும்மா. சனிக்கிழமை கால்பந்து போய்ட்டு வரட்டும்.”

“எத்தனை கோல் வாங்குவாங்க மேடம்?”

“எத்தனை வாங்கினா நமக்கென்ன? கோலுக்கு இவ்வளவுன்னா பேசியிருக்கோம்? மொத்த விலைதான்.”

“பாவம் அவங்க.”

“பாவம்தான். நீ முதல்ல நகரு, என் மேசையே குளமாகுது.”

வாய் விளையாட்டாகப் பேசினாலும் அவளுக்குள் ஒரு சங்கடம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் கால்பந்து அணி நன்றாக ஆடத் தொடங்கியிருந்தது. புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். கால்கள் கழுத்திலிருந்தே தொடங்குவதுபோல அவ்வளவு நெட்டை. அதனால் அவன் பெயர் வெட்டுக்கிளி. பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் எதிரணிக்காரர்கள் பேருந்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளோடு ஆடியதில் எல்லாமே வெற்றி.

அந்த அணியின் பயிற்சியாளர் அவளுடைய கணவன்.

அன்று மாலை அவன் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தடவை அடிச்சிடலாம்னு தோணுது” என்றான்.

“யாரை?”

“அவங்களைத்தான். அவங்க பின்வரிசை ரொம்ப மந்தம். வெட்டுக்கிளியை மட்டும் சரியான இடத்துல விட்டா...”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “ஏங்க, போன வருஷம் அந்த ஆத்தங்கரைக் காலேஜ் பெரிய இடத்துல போய் ஆட்டத்தைச் சமன் பண்ணிட்டு வந்து ஆர்ப்பாட்டம் பண்ணினாங்களே. இந்த வருஷம் அவங்களை யார் கூப்பிட்டாங்க?”

“யாரும் கூப்பிடலை.”

“ஏன்? காசும் கொடுத்து யாராவது மண்ணைக் கவ்வுவாங்களா? நாம ஜெயிச்சா நமக்கும் அதே கதிதான். அப்புறம் குளத்துக்கு நான் எங்க போவேன்?”

“அதுக்கு? என் பசங்ககிட்ட, தோத்துட்டு வாங்கடான்னு சொல்லட்டுமா?”

“நான் அப்படிச் சொன்னேனா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வழக்கமா அது பாட்டுக்குத்தானே நடக்குது.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கழுவிய தட்டையே மறுபடி கழுவினான். பிறகு அது கை நழுவித் தொட்டியில் விழுந்தது.

“என்னடா அங்க சத்தம்?” என்று முன்னறையிலிருந்து மாமியார் கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா, தட்டு” என்றான்.

சனிக்கிழமை மதியம் அவர்கள் போய் இறங்கிய மைதானம், ஒரு கப்பலைக் கரையில் இழுத்து நிறுத்தியதுபோல இருந்தது. வீரர்கள் கீழே போனார்கள். கணக்கு மேடத்தை மேலே, கண்ணாடிச் சுவர் வைத்த விருந்தினர் அறைக்கு அழைத்துப்போனார்கள். காலடியில் கம்பளம், முகத்தில் குளிர்ந்த காற்று, சுற்றிலும் நல்ல துணி உடுத்திய நன்கொடையாளர்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

“வாங்க மேடம், வாங்க. உங்க பசங்க தங்கமான பசங்க. வர்றாங்க, ஓடுறாங்க, தோக்குறாங்க, சாப்பிட்டுப் போறாங்க. ஒரு பிரச்சினை கிடையாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கண்ணாடிச் சுவர்ப் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

ஆட்டம் தொடங்கிற்று. அவள் வெட்டுக்கிளியைத் தேடினாள். களத்தில் அவனைக் காணவில்லை. மாற்று வீரர்களின் பெஞ்சில், ஓரமாக, நீண்ட கால்களை மடக்கிவைக்கத் தெரியாமல், மேல்சட்டையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளுடைய கணவன் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டு நின்றான். ஆட்டம் என்றால் எல்லைக்கோட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடித் தொண்டை கிழியக் கத்துகிற மனிதன் அவன். இன்று மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவன்போல நின்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் தோற்கச் சொல்லாமல், தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல், அவளுக்காக அவன் இதைச் செய்திருக்கிறான். கேட்டது கிடைத்துவிட்டது, வாங்கிக்கொள்ளத்தான் கை நீளவில்லை. ஒரு நீச்சல் குளத்தையே தூக்கி இவர் தலையில் வைத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு கோல் விழுந்தது. இன்னும் நாலைந்து விழுந்திருக்கும். கோல் காப்பாளன், எல்லாப் பந்தையும் உள்ளே விட்டுவிடுவான் என்று 'கதவு' எனப் பட்டம் வாங்கியவன், அன்று பிடிவாதமாகத் தாழிட்டுக்கொண்டு நின்றான். விசில் ஊதியதும் இயக்குநர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பழரசம் கொண்டுவரச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை ஆட்டம் முடிந்துவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் ஆட்டம் முடிந்து, சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். தாள்கள் அவள் பையில் இருந்தன. அந்தக் கையெழுத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால் என்ன என்று அவளுக்கு அந்தக் கணத்தில் தோன்றிற்று. தோன்றியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. பேரம் பேசுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

“சார், ஒப்பந்தத்தை இப்பவே முடிச்சிடலாமா? அப்புறம் இந்தக் கூட்டத்துல உங்களைப் பிடிக்க முடியாது.”

“தாராளமா!”

“வருஷா வருஷம் எதுக்கு இந்த அலைச்சல்? மூணு வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டுட்டா, எதிரணி தேடற வேலை உங்களுக்கு மிச்சம்.”

இயக்குநர் திரும்பிப் பலகையில் எழுதியிருந்த கோல் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “உங்களை மாதிரி ஆள் கிடைக்கறதும் கஷ்டம்தான்” என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“ஆனா தொகையைக் கொஞ்சம் கூட்டணும் சார். மூணு வருஷத்துல பஸ் வாடகை எங்கேயோ போயிடும்.”

“கூட்டலாம். ஆனா ஒண்ணு. நடுவுல வேற யாராவது அதிகமாத் தர்றாங்கன்னு நீங்க கழண்டுக்கக் கூடாது. யார் பின்வாங்கினாலும் மூணு வருஷத் தொகையையும் மொத்தமா வைக்கணும். அதைச் சேர்த்து எழுதிடறேன்.”

“ரெண்டு பக்கத்துக்கும்தானே சார்?”

“ரெண்டு பக்கத்துக்கும்தான்.”

“நல்லா யோசிச்சு எழுதுங்க சார்.”

“மேடம், நான் இந்தத் தொழில்ல தலை நரைச்சவன்” என்று சொல்லிக்கொண்டே, இரண்டு பிரதியிலும் தன் கையாலேயே அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள்.

தன் பிரதியை மடித்துப் பையில் வைத்தவள், படிகளில் இறங்கும்போது ஓடவில்லை. ஓடுகிற மாதிரி நடந்தாள். உடை மாற்றும் அறைக்கு வெளியே, வலித் தைலம் மணக்கும் நடைவழியில், அவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். உள்ளே போய்ப் பையன்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கிறான் என்று தெரிந்தது.

“நீ எங்க இங்க?”

“கையெழுத்து ஆயிடுச்சு. மூணு வருஷம். அவங்களே நினைச்சாலும் பின்வாங்க முடியாது.”

“சரி. நல்லது.” குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

“அந்தப் பையனை ஏன் உக்கார வெச்சீங்க?”

“கணுக்கால்ல லேசா வலி.”

“ஏங்க...”

அவன் தரையைப் பார்த்தான். “குளத்துப் பொண்ணுங்க ஞாபகம் வந்துச்சு. உன் ஞாபகமும் வந்துச்சு. போதுமா?”

“போதும். இனிமே குளம் என் பாடு. அதுக்கு வேண்டியது என் பையில இருக்கு. ஆட்டம் உங்க பாடு.”

அவன் சுவரிலிருந்து நிமிர்ந்தான். “அப்ப ஜெயிக்கலாங்கறியா?”

“உங்களால முடிஞ்சா.”

“முடிஞ்சாவா?” அவன் கைகள் பையிலிருந்து வெளியே வந்தன. “முடிஞ்சாவாம்! மேல போய்க் கண்ணைத் தொறந்து வெச்சுப் பாரு.” கதவை ஓங்கித் தள்ளினான். “டேய் வெட்டுக்கிளி! எந்திரிடா! கணுக்கால் சரியாயிடுச்சு உனக்கு!”

“எனக்கு எப்ப சார் வலிச்சுது?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இரண்டாம் பாதியில் மேலே கண்ணாடி அறையில் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. வெட்டுக்கிளி இறங்கிச் சிறிது நேரத்திலேயே பின்வரிசைக்காரர்கள் இருவருக்கு நடுவில் புகுந்து, தன் நிழலையும் விட்டுவிட்டு ஓடினான். பந்து வலைக்குள் போனது. இயக்குநர், “பரவாயில்லை, ஆறுதலுக்கு ஒண்ணு” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கோலுக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசி நிமிடங்களில், தலையால் முட்டுகிற உயரத்தில் வந்த பந்தை அவன் முழங்காலால் தள்ளினான். அழகான கோல் இல்லை. மூக்கு இடிபட்டு விழுந்தவனைப்போல அந்தப் பந்து தடுமாறிக்கொண்டே கோட்டைத் தாண்டியது. அது போதுமாக இருந்தது.

எல்லைக்கோட்டில் ஒரு மனிதன் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் கத்துவது கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

விசில் ஊதிய பிறகு இயக்குநர் நெடுநேரம் தன் பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமா?”

“எங்க வீட்டுக்காரர் முடியும்னு வாரம் முழுக்கச் சொல்லிட்டிருந்தார் சார். நான்தான் நம்பலை.”

“அப்ப இன்னும் ரெண்டு வருஷம்...”

“மூணு, சார். இந்த வருஷம் கணக்குல வராது.”

அவர் வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நன்கொடையாளர் அம்மாள் ஒருத்தி கைத்தடியை ஊன்றி எழுந்தாள். “தம்பி, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நான் தூங்காம ஒரு ஆட்டம் பார்த்தேன். அடுத்த வருஷமும் இவங்கதானே வர்றாங்க?”

“இவங்கதாம்மா” என்றார் இயக்குநர், கசப்பு மருந்தை விழுங்குகிறவரின் முகத்தோடு.

“அப்ப நானும் வர்றேன். பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வர்றேன்.”

இயக்குநரின் புருவம் கொஞ்சம் மேலே போனது. நிரம்பிய மைதானத்தையும் அடுத்த வருஷத்து டிக்கெட் விலையையும் அவர் மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறார் என்று கணக்கு மேடத்துக்குப் புரிந்தது. அவள் அவரைத் தொந்தரவு செய்யாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள்.

அங்கே அவளுடைய அணி, வழக்கமாக உட்காரும் கடைசி மூலையில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. தட்டைப் பார்த்துக் குனிந்து, கரண்டிச் சத்தம்கூட வெளியே வராமல், சீக்கிரம் முடித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடப் பழகியவர்கள். ஜெயித்த பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை.

“ஏன்டா இப்படித் திருட்டுச் சோறு தின்ற மாதிரி தின்றீங்க?” என்றான் அவளுடைய கணவன். கத்தியதில் அவன் குரல் கட்டிப்போயிருந்தது. “சத்தமாத்தான் சாப்பிடுங்களேன்!”

“பழக்கமில்லையே சார்” என்றான் கதவு.

“இன்னும் மூணு வருஷம் இருக்கு, பழகிக்கலாம்” என்று சொல்லி, கணக்கு மேடம் தன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவிலிருந்த பெரிய மேசையை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையில் இழுபடத் தொடங்கின.